மூடிய லேப்டாப் உண்மையில் தூங்குகிறதா? சாதனங்களின் மின்சேமிப்பு நிலைகள்: முழுமையான வழிகாட்டி

சென்ற ஆண்டு ஓர் இரவுப் பேருந்துப் பயணம். ஏறும் முன் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தபோது பேட்டரியில் 80 சதவீதம் இருந்தது. விடிகாலையில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திறந்தால் 22. பையின் உட்புறம் வெதுவெதுவென்று இருந்தது. ஒன்பது மணி நேரம் நான் தூங்கினேன், அது தூங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரியின் கொள்ளளவு 50 வாட்-மணி. அதில் 58 சதவீதம் என்றால் 29 வாட்-மணி. ஒன்பதால் வகுத்தால் சராசரியாக 3.2 வாட். திரையை அணைத்துவிட்டுச் சும்மா வைத்திருந்தாலே ஏறக்குறைய இவ்வளவுதான் இழுத்திருக்கும். மூடி வைத்ததற்கு ஒரு பலனும் இல்லை.

பேட்டரி போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். போகவில்லை. உள்ளே இருக்கும் பத்து இருபது சாதனங்களில் ஒன்று மட்டும் விழித்திருந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். உள்ளே நடப்பதையெல்லாம் திறந்து காட்டுவதால் லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸுக்குத் தனியாகக் கொஞ்சம் பின்னால் வரும். கோப்புப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், தூங்க வைப்பது யார் பொறுப்பு?

1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் முடிவெடுப்பது பெரும்பாலும் பயாஸ், அதாவது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், பலகையிலேயே பதிந்த நிரல். விசைப்பலகை, டிஸ்க் எதுவும் கொஞ்ச நேரம் அசையவில்லை என்றால் பயாஸ் தன் பாட்டுக்கு மின்சாரத்தைக் குறைக்கும். ஆனால் நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா, ஏதாவது தரவிறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் பயாஸுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்த ஒரே ஆள் இயங்குதளம்தான்.

அதனால் 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் ஏசிபிஐ என்ற புதிய விதிமுறையை வெளியிட்டன. அதில் வேலை பிரிந்தது. எப்போது தூங்க வைக்கலாம் என்று முடிவெடுப்பது இயங்குதளம். இந்தப் பலகையில் எந்தக் கம்பியை எப்படி அணைப்பது என்ற குறிப்பை ஓர் அட்டவணையாக எழுதித் தருவது ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் போல வன்பொருளிலேயே பதிந்திருக்கும் நிரல். இன்றுவரை லேப்டாப்புகளில் இதே ஏற்பாடுதான். தூக்கத்தில் வரும் தொல்லைகளில் பாதி இந்த எல்லைக்கோட்டில்தான் பிறக்கின்றன. ஃபர்ம்வேர் எழுதியவர் ஒன்றை நினைத்திருப்பார், சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரை எழுதியவர் வேறொன்றை நினைத்திருப்பார்.

எழுத்துகளும் எண்களும்

ஏசிபிஐ பேசும் மொழியில் மூன்று எழுத்துகள் தெரிந்தால் போதும். எஸ் என்பது மொத்தக் கணினியின் நிலை: எஸ்0 விழிப்பு, எஸ்3 நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டுவிட்டு மற்றதை அணைப்பது, எஸ்4 நினைவகத்தையும் டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது, எஸ்5 முழுவதும் அணைந்தது. சி என்பது செயலியின் நிலை. டி என்பது ஒவ்வொரு சாதனத்தின் நிலை. நமக்கு முக்கியம் இந்த டி.

டி0 என்றால் முழு விழிப்பு. டி1, டி2 இரண்டும் இடைநிலைகள். விதிமுறையில் இருக்கின்றனவே தவிர, அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தும் சாதனத்தைப் பார்ப்பது அபூர்வம். தாண்டிப் போகலாம். கடைசி நிலையான டி3-க்குள் இரண்டு வகை உண்டு, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

டி3-ஹாட் என்பது கோழித்தூக்கம். சாதனத்தின் உள்வேலைகள் நின்றுவிட்டன, ஆனால் மின்சாரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கூப்பிட்டால் குரல் கேட்கும். டி3-கோல்டு என்பது கும்பகர்ணத் தூக்கம். முதன்மை மின்சாரமே துண்டிக்கப்பட்டுவிட்டது. எழுப்ப வேண்டுமானால் முதலில் மின்சாரம் கொடுத்து, அது நிலைப்படும்வரை காத்திருந்து, பிறகுதான் பேச்சு.

பிசிஐ என்ற உள்பாதையில் இணைந்த ஒரு சாதனத்தை டிரைவர் எப்படிப் படுக்க வைக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். புதிய வேலைகள் எதையும் ஏற்காமல் வரிசையை மூடுகிறது. நினைவகத்தில் நேரடியாக எழுதிக்கொண்டிருக்கும் பரிமாற்றங்கள் முடியும்வரை பொறுக்கிறது. சாதனத்துக்குள் உள்ள குட்டி நினைவிடங்களான அமைப்பு ரெஜிஸ்டர்களில் இருக்கும் மதிப்புகளை எல்லாம் நினைவகத்தில் பிரதி எடுத்து வைக்கிறது. இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்றால் அதற்கான பிட்டைப் போட்டுவிடுகிறது. கடைசியாக, மின்நிலை ரெஜிஸ்டரின் கீழ் இரண்டு பிட்டுகளில் 3 என்று எழுதுகிறது. அவ்வளவுதான், சாதனம் டி3-ஹாட். அதற்கு மேலே ஏசிபிஐ அட்டவணையில் இந்தச் சாதனத்துக்கென்று மின்சுவிட்ச் ஒன்று சொல்லப்பட்டிருந்தால், இயங்குதளம் அதையும் அணைக்கிறது. இப்போது டி3-கோல்டு.

திரும்பி வரும்போது அதே இரண்டு பிட்டுகளில் 0 எழுதி, 10 மில்லிநொடி பொறுக்க வேண்டும் என்பது விதி. டி3-கோல்டிலிருந்து வந்தால் பொதுவாக 100 மில்லிநொடி. பல சாதனங்கள் எழும்போது பழைய நினைவு ஏதுமின்றிப் புதிதாகப் பிறந்ததுபோல் எழும். பிரதி எடுத்து வைத்ததை டிரைவர் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிக் கொடுக்கும். எதையாவது எழுத மறந்தால்? லேப்டாப்பைத் திறந்ததும் வைஃபை காணாமல் போயிருக்கும், டச்பேட் அசையாது. அந்த வகைக் கோளாறுகளில் ஏராளமானவை இந்த மறதிதான்.

எத்தனை நேரம் சும்மா இருந்தால் படுக்க வைக்கலாம்?

தூங்கி எழுவதற்கும் செலவு உண்டு. கணக்குக்காக ஒரு சாதனத்தை எடுத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது 1 வாட், தூங்கும்போது 0.1 வாட். ஒருமுறை படுத்து எழுவதற்குக் கூடுதலாக 0.5 ஜூல் ஆகிறது. சேமிப்பு நொடிக்கு 0.9 ஜூல். ஆகவே சுமார் 0.56 நொடிக்கு மேல் தூங்கினால்தான் லாபம். அதற்குள் எழுப்பிவிட்டால் தூங்க வைத்ததே நஷ்டம்.

அடுத்த வேலை எப்போது வரும் என்று இயங்குதளத்துக்கு ஜோசியம் தெரியாது. அதனால் ஓர் எளிய தந்திரம்: இவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும் என்று நம்புவது. லினக்ஸில் யுஎஸ்பி சாதனங்களுக்கு அந்தப் பொறுமை 2 நொடி என்று இயல்பாக வைத்திருக்கிறார்கள்.

குடும்ப மரம்

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 2009-இல் வந்த 2.6.32 பதிப்பில் ரன்டைம் பிஎம் என்ற பொது ஏற்பாடு சேர்ந்தது. ரஃபேல் வைசாக்கி முன்னின்று எழுதியது. கணினி முழுவதும் விழித்திருக்கும்போதே, வேலையில்லாத சாதனத்தை மட்டும் தனியாகப் படுக்க வைப்பது அதன் வேலை.

அது இயங்கும் விதம் கூட்டுக்குடும்ப வீடு மாதிரி. வீட்டுப் பெரியவர் கடைசிப் பிள்ளையும் வந்து படுத்த பிறகுதான் வாசல் கதவைத் தாழிடுவார். இங்கே மவுஸ் பிள்ளை, அது செருகியிருக்கும் ஹப் அப்பா, யுஎஸ்பி கன்ட்ரோலர் தாத்தா, அதற்கு மேல் பிசிஐ போர்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. வேலை வந்தால் டிரைவர் அதைக் கூட்டும், முடிந்தால் குறைக்கும். எண்ணிக்கை பூஜ்யமாகி, பிள்ளைகளும் யாரும் விழித்திருக்கவில்லை என்றால்தான் படுக்க அனுமதி. ஒரு டிரைவர் கூட்டிவிட்டுக் குறைக்க மறந்தால் தாத்தா வரைக்கும் இரவெல்லாம் கண் விழிப்பார்.

இதற்கு நல்ல உதாரணம் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். விளையாட்டு ஓடாதபோது கார்டு டி3-கோல்டுக்குப் போக வேண்டும். ஆனால் அதே சிப்புக்குள் ஹெச்டிஎம்ஐ வழியாக ஒலி அனுப்பும் பகுதி ஒன்று தனிச் சாதனமாக உட்கார்ந்திருக்கும். படம் வரையும் பகுதி தூங்கினாலும் இந்த ஒலிப் பகுதி விழித்திருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது, இரண்டும் ஒரே சுவிட்சில் இருப்பதால். எந்த டிவியையும் செருகாமலேயே, பயன்படுத்தாத ஒரு ஸ்பீக்கருக்காக வாட் கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. கார்டு தூங்குகிறதா என்று பார்க்க, பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால், அது அமைப்பு ரெஜிஸ்டர்களைப் படிப்பதற்காகக் கார்டை எழுப்பிவிடும். "தூங்கிட்டியா?" என்று உலுக்கிக் கேட்பது போல. /சிஸ் என்பதற்குள் (சாதனங்களின் நிலையைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் இடம்) கார்டுக்கென்று உள்ள ஃபோல்டரில் பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள், அது யாரையும் எழுப்பாது. ஆக்டிவ் என்றோ சஸ்பெண்டட் என்றோ பதில் வரும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: அளந்து பாருங்கள்

அளக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/ என்பதற்குள் பேட்0 என்ற ஃபோல்டரில் எனர்ஜி_நவ் என்ற கோப்பு இருக்கும். அதில் உள்ள எண் மைக்ரோவாட்-மணியில். சார்ஜரைக் கழற்றி, அந்த எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து மறுபடி படியுங்கள். வித்தியாசத்தைப் பத்து லட்சத்தாலும், பிறகு மணிநேரத்தாலும் வகுத்தால் சராசரி வாட். சில லேப்டாப்புகளில் எனர்ஜி_நவ் இருக்காது, சார்ஜ்_நவ் இருக்கும். அதை பேட்டரி மின்னழுத்தத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் அரை வாட்டுக்குக் கீழே வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு வாட்டைத் தாண்டினால் தேட வேண்டும். இரண்டு, மூன்று என்றால் அது தூங்கவே இல்லை.

படி 2: எந்தத் தூக்கம்?

/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பைத் திறந்து பாருங்கள். எஸ்2ஐடில், டீப் என்ற இரண்டில் ஒன்று சதுர அடைப்புக்குள் இருக்கும். அடைப்புக்குள் இருப்பதுதான் நடப்பில் உள்ளது.

டீப் என்பது பழைய எஸ்3. அதில் கடைசி வேலையை ஃபர்ம்வேர் எடுத்துக்கொண்டு, நினைவகம் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடும். எஸ்2ஐடில் வேறு மாதிரி. அங்கே கணினி ஏட்டளவில் எஸ்0-இலேயே இருக்கிறது. எல்லாச் சாதனங்களையும் படுக்க வைத்துவிட்டு, செயலியும் தன்னால் முடிந்த அளவு ஆழமாகத் தூங்க முயல்கிறது. ஃபோன் மாதிரி உடனே விழிக்க வேண்டும் என்ற ஆசையில் வந்த வழி இது. விண்டோஸில் 2012-இல் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்றும், பிறகு விண்டோஸ் 10-இல் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்றும் வந்தது இதன் அண்ணன்தான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பையில் வைத்துக் கொண்டுபோகும் கருவிக்கு எஸ்3 போதும். அதில் ஒரு சாதனம் முரண்டு பிடித்தாலும் பெரும்பாலும் மின்சாரமே போய்விடுவதால் தப்பு நடக்க இடம் குறைவு. எஸ்2ஐடிலில் எல்லோரும் ஒத்துழைத்தால்தான் தூக்கம். ஆனால் புதிய லேப்டாப்புகள் பலவற்றில் ஃபர்ம்வேர் எஸ்3-ஐத் தருவதே இல்லை. அந்தக் கோப்பில் டீப் என்ற சொல்லே இல்லாவிட்டால் உங்களுக்கு அந்த வழி கிடையாது. இருந்தால், அந்தச் சொல்லை அதே கோப்பில் எழுதி ஓர் இரவு சோதித்துப் பாருங்கள்.

படி 3: மூடியதும் என்ன நடக்கிறது?

கோளாறு எந்தக் கட்டத்தில் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பதால் வரிசையை மட்டும் தெரிந்துகொள்வோம்.

டிஸ்கில் எழுத வேண்டியவை எழுதப்படுகின்றன. பிறகு ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களும் உறைநிலைக்குப் போகின்றன. இதற்கு 20 நொடி அவகாசம். அதற்குள் ஏதாவது ஒரு நிரல் உறைய மறுத்தால் மொத்தத் தூக்கமும் ரத்து. நெட்வொர்க்கில் இணைத்த டிரைவ் ஒன்று பாதியில் அறுந்துபோய், அதற்காகக் காத்திருக்கும் நிரல் இப்படி அடம்பிடிப்பது வழக்கம்.

அப்புறம் சாதனங்கள். பிள்ளைகள் முதலில், பெற்றோர் பிறகு. ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று உண்டு: வேலையை நிறுத்தும் சுற்று, மிச்சத்தை ஒதுக்கும் பிந்தைய சுற்று, கடைசியில் இன்டரப்டுகள் (சாதனங்கள் செயலியைக் கூப்பிடும் சைகைகள்) அணைந்த பின் ஒரு சுற்று. பிசிஐ சாதனங்களை டி3-க்கு அனுப்புவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சுற்றில்தான். விழிக்கும்போது எல்லாம் தலைகீழ்: பெரியவர்கள் முதலில் எழுந்து கதவைத் திறக்க, பிள்ளைகள் பின்னால்.

எங்கே சிக்குகிறது என்று பார்க்க /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் என்ற கோப்பு உதவும். உங்கள் கெர்னலில் அந்த வசதி சேர்த்திருக்க வேண்டும். அதில் ஃப்ரீசர் என்று எழுதிவிட்டு, /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் மெம் என்று எழுதினால் முதல் கட்டத்தோடு நின்று, ஐந்து நொடி காத்திருந்து, தானே திரும்பிவிடும். அடுத்து டிவைசஸ், பிளாட்ஃபார்ம் என்று ஒவ்வொரு கட்டமாக ஆழம் பார்க்கலாம். முடிந்ததும் நன் என்று எழுதி வைக்க மறக்காதீர்கள். மறந்துவிட்டு, "மூடினால் ஐந்து நொடியில் விழிக்கிறதே" என்று ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

பிஎம்_ட்ரேஸ் என்றும் ஒன்று உண்டு. கணினி விழிக்காமலே செத்துப்போனால், கடைசியாக எந்தச் சாதனத்தில் நின்றது என்ற குறிப்பை அது எழுதி வைப்பது எங்கே தெரியுமா? கடிகாரச் சிப்பில். மறுபடி போட்டதும் தேதி எங்கேயோ போய் நிற்கும். பயப்பட வேண்டாம், தேதியைத் திருத்திக்கொள்ளலாம்.

படி 4: படுத்ததா, படுத்தமாதிரி கிடந்ததா?

எஸ்2ஐடில் உள்ளவர்களுக்கு இந்தப் படிதான் மிக முக்கியம். திரை அணைந்து, விசிறி நின்று, எல்லாம் தூங்கியதுபோலவே இருக்கும். ஆனால் செயலியும் அதைச் சுற்றியுள்ள சிப்புகளும் கடைசி ஆழத்துக்குப் போகாமல் நடுவிலேயே நின்றிருக்கலாம்.

புதிய கெர்னல்களில் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்/ ஃபோல்டருக்குள் லாஸ்ட்_ஹெச்டபிள்யூ_ஸ்லீப் என்ற கோப்பு இருக்கும். கடைசித் தூக்கத்தில் வன்பொருள் உண்மையிலேயே ஆழத்தில் கிடந்த நேரம் அதில் மைக்ரோநொடியில் இருக்கும். ஒரு மணி நேரம் மூடி வைத்திருந்தால் முழு மதிப்பு 360 கோடி. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. பூஜ்யம் என்றால், அந்த ஒரு மணி நேரமும் நடிப்பு.

ஏன் பூஜ்யம் வருகிறது? பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு ஒன்று காரணமாக இருக்கும். சாதனம் தூங்குவது வேறு, சாதனத்துக்கும் செயலிக்கும் நடுவே உள்ள கம்பி தூங்குவது வேறு. கம்பிக்கும் எல்0, எல்1 என்று நிலைகள் உண்டு, எல்1-க்குள்ளேயே எல்1.1, எல்1.2 என்று இன்னும் ஆழமான உள்நிலைகள். ஏஎஸ்பிஎம் என்ற வசதிதான் இதைப் பார்த்துக்கொள்கிறது. எஸ்டி கார்டு ரீடர் மாதிரி ஓர் அற்பச் சாதனத்தின் கம்பியில் இது முடக்கப்பட்டிருந்தால், மொத்தச் செயலியும் அதற்காக விழித்திருக்கும்.

இன்னொரு காரணம் எல்டிஆர். "எனக்குப் பதில் வர இத்தனை மைக்ரோநொடி ஆனாலும் பரவாயில்லை" என்று ஒவ்வொரு பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனமும் செயலியிடம் சொல்லும் ஏற்பாடு அது. ஒரு சாதனம் "எனக்குக் காத்திருக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டால் செயலி ஆழமாகப் போகத் துணியாது. இன்டெல் கணினிகளில் /சிஸ்/கெர்னல்/டீபக்/பிஎம்சி_கோர்/ ஃபோல்டரில் எல்டிஆர்_ஷோ கோப்பில் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பட்டியலே கிடைக்கும். பயாஸைப் புதுப்பிப்பது, பயன்படாத சாதனத்தை பயாஸிலேயே அணைப்பது: இந்த இரண்டும்தான் இங்கே முதலில் செய்ய வேண்டியவை.

படி 5: எழுப்புவது யார்?

இப்போது என் பேருந்துக் கதைக்கு வருகிறேன். லாஸ்ட்_ஹெச்டபிள்யூ_ஸ்லீப் எண் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே அது தூங்கத் தெரியாத கருவி இல்லை. கணினி தானே எழுதிவைக்கும் ஜர்னல் பதிவுகளை எடுத்து அந்த இரவைப் பார்த்தேன். "பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி", "பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட்" என்ற இரண்டு வரிகள் மாறி மாறி, பக்கம் பக்கமாக. படுக்கிறது, எழுகிறது. மூடி இன்னும் மூடியே இருப்பதைப் பார்த்து அரை நிமிடம் கழித்து, லினக்ஸின் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்-டி மறுபடி படுக்க வைக்கிறது. படுத்த சில நொடியில் மறுபடி எழுகிறது.

எழுப்பியது கம்பியில்லா மவுஸ். அதன் குட்டி ரிசீவரை லேப்டாப்பிலேயே செருகிவிட்டு, மவுஸை அணைக்காமல் அதே பையில் போட்டிருந்தேன். பேருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும்போது மவுஸ் அசைந்திருக்கிறது.

"மவுஸ் அசைந்தால் லினக்ஸ் எழாதே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். சரிதான். மவுஸுக்கு இயல்பாக அந்த அனுமதி கிடையாது, விசைப்பலகைக்குத்தான் உண்டு. ஆனால் அந்த ரிசீவர் மவுஸ், விசைப்பலகை இரண்டுக்கும் பொதுவானது. செருகியதும் "நான் ஒரு விசைப்பலகையும்கூட" என்று கெர்னலிடம் சொல்லிக்கொள்கிறது. விசைப்பலகை என்று கேட்டதும், மவுஸ், விசைப்பலகைகளைக் கவனிக்கும் யுஎஸ்பி-ஹிட் டிரைவர் எழுப்பும் உரிமையைக் கொடுத்துவிடுகிறது. நான் ஒருநாளும் அதோடு விசைப்பலகை வாங்கியதே இல்லை.

உங்கள் கணினியில் யார் என்று பார்க்க மூன்று இடங்கள். /சிஸ்/கெர்னல்/டீபக்/வேக்கப்_சோர்சஸ் கோப்பில் ஒவ்வொரு சாதனமும் எத்தனை முறை எழுப்பியது என்ற எண்ணிக்கை இருக்கும். /சிஸ்/பவர்/பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யூ கடைசியாக எழுப்பிய இன்டரப்டின் எண்ணைச் சொல்லும். /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப் கோப்பில் ஃபர்ம்வேர் அளவில் யாருக்கு உரிமை என்ற பட்டியல்.

இந்த மூன்றாவதில் ஒரு பொறி உண்டு. அதில் ஒரு சாதனத்தின் பெயரை எழுதினால் உரிமை பறிபோகாது, மாறும். இருந்தால் போகும், இல்லாவிட்டால் வரும். அதே கட்டளையை இரண்டு முறை கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அதனால் சாதனத்தின் சொந்த ஃபோல்டரில் உள்ள பவர்/வேக்கப் கோப்பில் டிசேபிள்ட் என்று எழுதுவதே நல்லது. யுஎஸ்பி சாதனங்கள் /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ்/ என்பதற்குள் 1-3 என்பது போன்ற பெயர்களில் இருக்கும்.

மவுஸின் அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது, அதைத் தள்ளியிருந்தாலும் போதும். அது நினைவுக்கு வந்தது இவ்வளவையும் செய்து முடித்த பிறகு.

படி 6: விழித்திருக்கும்போது மிச்சப்படுத்துவது

இது ரன்டைம் பிஎம்-இன் களம். ஒவ்வொரு சாதனத்தின் ஃபோல்டரிலும் பவர்/கன்ட்ரோல் என்ற கோப்பு உண்டு. ஆன் என்றால் எப்போதும் விழித்திரு, ஆட்டோ என்றால் வேலையில்லாதபோது படுத்துக்கொள். பவர்டாப் என்ற கருவி எல்லாவற்றையும் ஒரே அடியில் ஆட்டோவுக்கு மாற்றித் தரும். இன்டெல் 2007-இல் வெளியிட்டது, பார்ப்பதற்கு அருமையான கருவி. ஆனால் அந்த ஒரே அடி எனக்குப் பிடிக்காது. மறுநாள் ஏதாவது வேலை செய்யாவிட்டால் எதனால் என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

யுஎஸ்பி: 3 மில்லிநொடி பேச்சில்லாமல் இருந்தால் சாதனம் தூக்கத்துக்குப் போக வேண்டும், தூங்கும்போது 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது விதிமுறை. ஆனால் விதியை மதிக்காத சாதனங்கள் சந்தையில் நிறைய. அதனால் லினக்ஸ் ஹப்களுக்கும், டிரைவரே துணிந்து அனுமதிக்கும் சில சாதனங்களுக்கும் மட்டுமே இதை இயல்பாக வைத்திருக்கிறது. மவுஸில் ஆட்டோ போட்டால் இரண்டு நொடி அசைக்காவிட்டால் அடியில் உள்ள சிவப்பு விளக்கு அணையும். விளக்கு இல்லாமல் அசைவு எப்படித் தெரியும்? பல மவுஸ்களில் பொத்தானை அழுத்தினால்தான் எழும். விட்டுவிடுங்கள்.

என்விஎம்இ டிஸ்க்: இதன் தூக்கத்தை டிஸ்கே பார்த்துக்கொள்ளும், ஏபிஎஸ்டி என்று பெயர். இவ்வளவு நேரம் சும்மா இருந்தால் இந்த நிலைக்குப் போ என்று ஒரு பட்டியலை மட்டும் கெர்னல் முன்கூட்டியே கொடுத்துவிடும். லினக்ஸில் இது 2017-இல் 4.11 பதிப்போடு வந்தது. எழுந்து வர 100 மில்லிநொடிக்கு மேல் எடுக்கும் நிலைகளைக் கெர்னல் இயல்பாகத் தவிர்க்கும். சில டிஸ்குகள் ஆழமான நிலைக்குப் போனால் திரும்பி வராமல் கணினியையே உறைய வைக்கும். அப்படி நடந்தால் என்விஎம்இ_கோர் மாட்யூலின் டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ் மதிப்பைக் குறைத்துப் பாருங்கள். 0 போட்டால் முழுவதும் நின்றுவிடும்.

சாட்டா டிஸ்க்: இணைப்பின் லேசான தூக்கமான பார்ஷியல் நிலையிலிருந்து 10 மைக்ரோநொடியில் எழும், ஆழமான ஸ்லம்பரிலிருந்து 10 மில்லிநொடி வரை. இணைப்பின் கொள்கையை மெட்_பவர்_வித்_டிப்ம் என்று வைத்தால் போதும். தரவு இருக்கும் இடத்தில் இதற்கு மேல் பேராசை வேண்டாம்.

ஒலி: ஹெச்டிஏ ஒலிச் சிப்பின் டிரைவரில் பவர்_சேவ் என்ற மதிப்பு உண்டு, நொடியில். ஒலி நின்று அத்தனை நொடி ஆனதும் சிப் படுத்துவிடும். படுக்கும்போதும் எழும்போதும் ஸ்பீக்கரில் "டப்" என்று ஒரு சத்தம் வரலாம். மெசேஜ் வரும்போதெல்லாம் முதலில் டப், பிறகு மணி. நான் 10 என்று வைத்திருக்கிறேன். பேட்டரியைவிடக் காது முக்கியம் என்பவர்கள் 0 வைத்துக்கொள்ளலாம்.

வைஃபை: ரவுட்டர் பொதுவாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை பீக்கன் என்ற அறிவிப்பை அனுப்பும். கார்டு அந்த நேரத்துக்கு மட்டும் கண் விழித்து, "எனக்கு ஏதாவது இருக்கிறதா" என்று பார்த்துவிட்டு மறுபடி படுக்கும். அதுவரை வந்ததை ரவுட்டர் வைத்திருந்து கொடுக்கும். தொலைவில் உள்ள சர்வரில் தட்டும்போது எழுத்துகள் தயங்கித் தயங்கி வந்தால் இதை அணைத்துப் பாருங்கள்.

விண்டோஸில்

நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதோடு /ஏ சேர்த்தால் எந்தெந்தத் தூக்க நிலைகள் கிடைக்கின்றன என்று சொல்லும். /லாஸ்ட்வேக் கடைசியாக எழுப்பியவரைக் காட்டும். /ரிக்வெஸ்ட்ஸ் இப்போது தூங்க விடாமல் பிடித்துவைத்திருப்பவர்களைக் காட்டும். மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள கணினியில் /ஸ்லீப்ஸ்டடி மிக உதவும். ஒவ்வொரு தூக்கத்திலும் எத்தனை சதவீத நேரம் ஆழத்தில் இருந்தது, மேலே இழுத்துப் பிடித்தது யார் என்று வரைபடத்தோடு வரும். எழுப்பும் உரிமையைப் பறிக்க டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போக வேண்டும். என் மவுஸ் கதை விண்டோஸில் நடந்திருந்தால் /லாஸ்ட்வேக் ஒரு வரியில் சொல்லியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

படி 7: நிலைக்கச் செய்வது

/சிஸ் கோப்புகளில் எழுதுவதெல்லாம் அடுத்த ரீஸ்டார்ட் வரைதான். நிலைக்க வேண்டுமானால் /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி ஃபோல்டரில் ஒரு விதிக் கோப்பு எழுதுங்கள். எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் வரும் தயாரிப்பாளர் எண், சாதன எண் இரண்டையும் பொருத்தி, அந்தச் சாதனம் சேரும்போது பவர்/வேக்கப்புக்கு டிசேபிள்ட் என்று போடச் சொல்ல வேண்டும். போர்ட் எண்ணை வைத்து எழுதாதீர்கள். ரிசீவரை அடுத்த துளையில் செருகினால் விதி வேலை செய்யாது.

எல்லாவற்றையும் கையால் எழுதப் பொறுமை இல்லாதவர்கள் டிஎல்பி என்ற கருவியை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதையும் பவர்டாப்பின் தானியங்கி மாற்றத்தையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று எழுதியதை மற்றொன்று மாற்றிக்கொண்டிருக்கும்.

கெர்னலோ பயாஸோ புதுப்பித்த பிறகு படி 1-இன் அளவை ஒருமுறை மறுபடி எடுங்கள். நான் அந்தத் தாளை லேப்டாப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதே பேருந்து, அதே ஒன்பது மணி நேரம், மவுஸ் வேண்டுமென்றே அணைக்கப்படாமல் பைக்குள்: 80-இல் படுத்தது, 74-இல் எழுந்தது. 0.33 வாட்.